எலிக்காய்ச்சல் குளிசையும் மண்ணும்

காலபோகத்துக்கு வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமல் இருக்க பி.எச்.ஐ.மார் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள்) டொக்ஸிசைக்கிளின் என்ற அன்டிபயோடிக் குளிசை கொடுக்கிறார்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். அதை வாங்கிக்கொண்டு போய், "உது கெமிக்கல், உடம்புக்குச் சூடு" என்று சொல்லி அலுமாரியில் போட்டுவிடுகிற ஆட்களை எனக்குத் தெரியும். அதே வீட்டில் பிள்ளைக்குத் தடிமன் என்றால், போன முறை மிஞ்சின அமொக்சிசிலின் என்ற வேறொரு அன்டிபயோடிக்கைத் தேடி எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டிய இடத்தில் விழுங்குவதில்லை, வேண்டாத இடத்தில் விழுங்குகிறோம். இந்த ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தக் 'கெமிக்கல்' கதை. டொக்ஸிசைக்கிளினுக்கு மூலப்பொருள் ஒக்ஸிடெட்ராசைக்கிளின். அதை உண்டாக்குவது ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த ஒரு மண் பக்டீரியா. ஆய்வுகூடத்தில் அதைக் கொஞ்சம் திருத்தி எடுக்கிறார்கள், அவ்வளவுதான். முதல் மழைக்கு யாழ்ப்பாணத்துக் கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணிலிருந்து எழும்புகிற வாசத்துக்கும் பெரும்பாலும் இந்த இனம்தான் காரணம். அது விடுகிற அந்தப் பொருளுக்குப் பெயர் ஜியோஸ்மின்.

இவை பக்டீரியா என்றாலும் பூஞ்சணம் போல நூல் நூலாக மண்ணுக்குள் ஓடும். தோட்டத்தில் தாழ்த்தின பூவரசங்குழை உக்கிப்போவதில் இவற்றுக்கும் பங்கு உண்டு. சாப்பாடு முடிந்தால் எழும்பி வேறு இடம் போக இவற்றால் முடியாது. அப்போது தன் பழைய நூல்களைத் தானே கரைத்து, அந்தச் சத்தில் புது நூல்களை மேலே எழுப்பி, நுனியில் வித்திகளைக் கட்டும். கரைகிற சத்தைத் தின்ன அயலிலுள்ள பக்டீரியாக்கள் வந்து சேரும். அன்டிபயோடிக் சுரப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான், வளவைச் சுற்றி வேலி அடைக்கிற மாதிரி. ஆய்வுகூடத் தட்டில் வளர்த்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: நடுவில் மாப்பூத்த ஒரு காய்ந்த பொட்டு, சுற்றிவர வேறொன்றும் முளைக்காத தெளிந்த வளையம். தன் நஞ்சில் தானே சாகாமலிருக்க அதற்கான எதிர்ப்பு மரபணுவையும் கூடவே வைத்திருக்கும்.

1943இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் இப்படியொரு மண் பக்டீரியாவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். காசநோய்க்குப் பலன் தந்த முதல் அன்டிபயோடிக் அதுதான். 1952இல் நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் வக்ஸ்மனுக்கு மட்டும் போனது. அது அநியாயம் என்பது என் எண்ணம். 1948இல் வெளிவந்த முதல் டெட்ராசைக்கிளின் மிசூரி மண்ணிலிருந்து வந்தது. அதைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டகர். அவர் வேலை செய்த ஆய்வுப் பிரிவை நடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். நெருப்புக்காய்ச்சலுக்கு (டைபோயிட்) குளோரம்பெனிகோல் தந்தது வெனிசுவேலா மண். வேறு மருந்துக்கு மசியாத ஸ்டாபிலோகொக்கஸ் தொற்றுகளுக்கு வன்கோமைசின் தந்தது போர்னியோ மண். காசநோய்க்கும் தொழுநோய்க்கும் கொடுக்கிற ரிபாம்பிசினின் மூலம் பிரான்ஸ் மண்ணில் கிடைத்தது.

ஒவ்வொன்றும் குறிப்பிட்ட கிருமிகளுக்குத்தான் வேலை செய்யும். டொக்ஸிசைக்கிளின் சேர்ந்த டெட்ராசைக்கிளின் வகை, பக்டீரியா தன் புரதத்தைச் செய்துகொள்ளும் இடத்தில் போய் ஒட்டி அந்த வேலையை நிறுத்திவிடும். அதனால் எலிக்காய்ச்சலுக்கும் உண்ணிக்காய்ச்சலுக்கும் சரிவரும். வைரஸிடம் அப்படியொரு இடமே இல்லை. தடிமனுக்கும் டெங்குவுக்கும் எந்த அன்டிபயோடிக்கை விழுங்கினாலும் வைரஸுக்கு ஒன்றும் ஆகாது. உடம்பிலிருக்கிற பக்டீரியாக்களில் மருந்துக்குச் சாகிறவை செத்து, சாகாதவை பெருகும். அப்புறம் உண்மையான தொற்று வரும்போது மருந்து கேட்காது.

2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சலால் ஆட்கள் செத்ததை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். கிருமி எலியின் சலத்தோடு சேற்றில் கலந்து, கால் வெடிப்பாலும் சின்னக் காயத்தாலும் உள்ளே போகிறது. சேற்றில் நிற்கிற தொழில் செய்கிறவர்கள் பி.எச்.ஐ.யிடம் கேட்டுக் குளிசையை வாங்குங்கள். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்குங்கள், வெறும் வயிற்றில் வேண்டாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் டொக்டரிடம் கேட்காமல் எடுக்கக்கூடாது. குளிசை போட்டும் காய்ச்சல் வந்தால், கெண்டைக்கால் நோவும் கண் சிவப்பும் இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் போய் "வயலில் நின்றனான்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.