ஜெர்மனிக்குக் கிளம்பறவங்க பொட்டி கட்டறதுக்கு முன்னாடி

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கமிருந்து ஜெர்மனி வேலைக்குக் கிளம்பும் வீடுகளில் கடைசி ஒரு மாசம் என்ன நடக்குதுன்னு பாருங்க. பருப்புப் பொடி வறுப்பாங்க, 23 கிலோவுக்குள்ள பொட்டி அடங்குமான்னு தராசில் ஏத்தி இறக்குவாங்க. எடை கூடினால் காசு கட்டிட்டுப் போயிரலாம். பேரும் விலாசமும் தகராறானால் காசு கட்டியும் வேலை நடக்காது.

முதல்ல பேர். டிகிரியில் 'கே. செந்தில்குமார்', ஆதாரில் 'செந்தில்குமார் குப்புசாமி', பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டமே காலி. நம்மூரில் யாரும் கண்டுக்க மாட்டாங்க. அங்கே குடும்பப் பேர் இல்லாத ஆளை ஒவ்வொரு ஆபீஸும் ஒவ்வொரு மாதிரி எழுதி வைக்கும். பேங்க் கணக்கு ஒரு பேரில், இன்சூரன்ஸ் அட்டை இன்னொரு பேரில் நிற்கும். விசாவுக்கு எழுதிப் போடறதுக்கு முன்னாடியே பேர், சர்நேம் ரெண்டு கட்டமும் நிரம்பின பாஸ்போர்ட்டா மாத்தி வாங்கிருங்க. மனைவி, குழந்தைகளுக்கும் சேர்த்து. குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் பேர் ஏறியிருக்கான்னும் பாருங்க, பிறந்த கையோடு பதிஞ்சதுன்னா காலியாவே கிடக்கும். கல்யாணத்துக்குக் கோயில் ரசீது போதாது, சார்பதிவாளர் சான்று வேணும்.

இதில் ஒரு வீண்செலவு உண்டு: அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் நிஜம்னு வெளிநாட்டுக்குக் காட்ட நம்ம அரசு குத்தற முத்திரை. அதை ஒத்துக்கற நாடுகளோட ஒப்பந்தத்தில் இந்தியா 2005ல் சேர்ந்தப்ப ஜெர்மனி ஆட்சேபம் சொல்லிருச்சு. நம்ம முத்திரையை அங்கே ஏத்துக்கறதில்லை. வேணும்னா அவங்களே தூதரகம் வழியா விசாரிச்சுக்குவாங்க. ஏஜென்ட் காசு கேட்டால், எந்த ஆபீஸ் இதைக் கேட்டதுன்னு எழுத்தில் காட்டச் சொல்லுங்க.

அடுத்தது விலாசம். அங்கே எல்லாம் இதில்தான் தொங்குது. குடிபோன ரெண்டு வாரத்துக்குள் அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் விலாசம் பதியணும், 'அன்மெல்டுங்'னு பேர். அதுக்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்று வேணும். வாடகை ஒப்பந்தத்தை மட்டும் நீட்டினால் திருப்பி அனுப்பிருவாங்க. தற்காலிகமா எடுக்கிற சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் பல பேர் இதைத் தர மாட்டாங்க. அதனால் அட்வான்ஸ் கட்டும் முன்னாலேயே கேளுங்க. பதிஞ்சால்தான் வரி எண் தபாலில் வரும். அது வராமல் இழுத்தால் கம்பெனி உங்களை ஆறாம் வரி வகுப்பில் போடலாம். பிடித்தம் அதிலதான் அதிகம்.

தபால் ஏன் வர மாட்டேங்குதுன்னு கேக்கறவங்க பாதிப் பேரு தபால் பெட்டியில் பேர் ஒட்டியிருக்க மாட்டாங்க. அங்கே பல அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிக் கதவு எண் கிடையாது. தபால்காரர் பெட்டி மேல் இருக்கிற குடும்பப் பேரைத்தான் பார்ப்பார், இல்லேன்னா கடுதாசி திரும்பிப் போயிரும். சாவி வாங்கின அன்னிக்கே, பாஸ்போர்ட்டில் இருக்கிற எழுத்திலேயே எழுதி ஒட்டுங்க. நண்பர் வீட்டில் தங்கினால் அவர் பேருக்குக் கீழே உங்க பேரும் இருக்கணும்.

டெபாசிட் சட்டப்படி அடிப்படை வாடகையில் மூணு மாசத்துக்கு மேல் கேட்கக் கூடாது, அதையும் மூணு தவணையாகக் கட்டலாம். 'நான் வெளிநாட்டில் இருக்கேன், பணம் போடுங்க, சாவி கூரியரில் வரும்'னு ஒருத்தன் சொன்னால் அது மோசடிதான். சாமான் எதுவும் இல்லாத வெறும் வீடா எடுத்தால் சமையல்கட்டில் சிங்க்கூட இல்லாமல் வெறும் குழாய் மட்டும் நிக்கலாம்.

சாமான் விஷயம். ஊத்துக்குளி வெண்ணெயும் நெய்யும் கொண்டு போக முடியாது. ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருள், இறைச்சி கொண்டுவரத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் போகாது. மஞ்சத்தூள், பொடி வகை போகும். டேபிள்டாப் கிரைண்டர் தாராளமா ஓடும், அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக்தான் சேராது. கடையில் கிடைக்கிற சல்லிசான யுனிவர்சல் அடாப்டர் பலதில் எர்த் இணைப்பு இருக்காது. ஈரக்கையோடு தொடுகிற மிஷினுக்கு அது ஆபத்து. அங்கே போய் எலக்ட்ரீஷியனை வெச்சு எர்த் உள்ள பிளக்கையே மாட்டுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல் மாவாட்டாதீங்க, பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுப்பார்.

ஆர்டிஓவில் வாங்கின சர்வதேச லைசென்ஸில் ஒரு வருஷம்னு போட்டிருக்கும். அங்கே குடியேறி ஆறு மாசத்துக்கு மேல் அது செல்லாது. எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு ரெண்டும் எழுதித்தான் ஆகணும். ரெண்டாவது மாசமே டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்து வைங்க.