பெத்தவளையும் கொஞ்சம் பாருங்க

எங்க ஆயா காசிமேட்டுக்காரி. எத்தனை பிள்ளைங்கன்னு கேட்டா, "பெத்தது ஒன்பது, தங்கினது அஞ்சு"ன்னு ஒரே மூச்சுல சொல்லிடும். அதோட தங்கச்சி தலைச்சன் பிரசவத்துலயே போயிட்டா. ஏன் செத்தான்னு யாரும் கேக்கல. விதின்னு விட்டுட்டாங்க.

இப்ப அப்படி விடறதில்ல. தமிழ்நாட்டுல ஒரு தாய் இறந்தா, அந்த வீட்டுக்கே வந்து கேக்கறாங்க. வலி எப்ப எடுத்தது, எப்ப கிளம்புனீங்க, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீங்க, ரத்தம் எப்ப கிடைச்சுது... எல்லாத்தையும் எழுதி, கலெக்டர் முன்னாடி குடும்பத்தையும் உக்கார வச்சு விசாரிக்கறாங்க. 108 வண்டி, ராப்பகலா நர்ஸ் இருக்கற ஆரம்ப சுகாதார நிலையம், முத்துலட்சுமி ரெட்டி பேர்ல வர்ற 18,000 ரூபா உதவி எல்லாமே பெரிய விஷயம்தான். ஆனா என்னைக் கேட்டா, "ஏன் செத்தா?"ன்னு அரசாங்கம் கேக்க ஆரம்பிச்சதுதான் எல்லாத்தையும் விடப் பெருசு.

பலன் கண்ணுக்குத் தெரியுது. 2001-03ல ஒரு லட்சம் பிள்ளை உசுரோட பிறந்தா 134 தாய்மார் செத்தாங்க. 2018-20ல அது 54. நாடு முழுக்கப் பாத்தா 301 இருந்தது 97. சந்தோஷம்தான். ஆனா அதே 2018-20ல கேரளாவுல 19. அந்த 19ஐப் பாத்தா 54ன்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது.

கணக்குல இன்னொண்ணு இருக்கு. பிரசவம் ஆகி 42 நாளுக்குள்ள, பிரசவத்தால வந்த கோளாறுல இறந்தாலும் அது தாய் மரணம்தான். நம்ம வீட்ல அந்த 42 நாள்ல யாரைப் பாக்கறோம்? எல்லாரும் தொட்டிலைச் சுத்தித்தான் நிப்போம்.

என் தங்கச்சிக்கு நடந்ததைச் சொல்றேன். சுகப்பிரசவம், மூணாம் நாள் வீடு வந்தாச்சு. ஆறாம் நாள் தலைவலி தாங்கல, கண்ணு மங்கலா தெரியுதுன்னா. "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கல்ல, அதான்"ன்னு நெத்தியில தைலம் தேய்ச்சு விட்டேன். நான்தான் தேய்ச்சேன். அனுப்பி வச்ச இடத்துல பி.பி. பாக்க எப்ப வரணும்னு ஒருத்தரும் சொல்லல. சாயங்காலம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துது. தெருமுனை ஆட்டோவுல பின்னாடி "பிரசவத்திற்கு இலவசம்"னு எழுதியிருக்கும். அந்த அண்ணன் தண்டையார்பேட்டை நெரிசல்ல ஹாரன்லருந்து கையெடுக்காம ஓட்டினாரு. மெக்னீசியம் ஊசி போட்டுக் காப்பாத்துனாங்க. பிரசவத்துக்கு அப்புறமும் பி.பி. ஏறி ஜன்னி வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

பச்ச உடம்புக்காரிக்குத் தண்ணி கொடுக்காதே, வெளிய விடாதேன்னு நூறு சட்டம் வச்சிருக்கோம். துணி எத்தனை தடவை ரத்தத்துல நனையுது, காய்ச்சல் அடிக்குதா, பாதம் வீங்குதா, தலை வலிக்குதான்னு கேக்க ஒரு சட்டமும் இல்ல. பட்டினி மாதிரி பத்தியம் போடறோம், ஏற்கெனவே ரத்தசோகை இருக்கறவளுக்கு. வீட்டுக்கு வர்ற நர்சம்மாகிட்ட பிள்ளை எடை எவ்ளோன்னு மட்டும்தான் விசாரிக்கறோம்.

எங்க எதிர்வீட்டுப் பொண்ணுக்குப் போன வியாழக்கிழமை பிள்ளை பிறந்துது. தினம் சாயங்காலம் பி.பி. மிஷினோட போறேன். அவ மாமியாருக்கு முதல்ல பிடிக்கல. இப்ப அவங்களே நாற்காலி எடுத்துப் போடறாங்க. நேத்து 120/80. அதைப் பாத்துட்டுத்தான் பிள்ளையைத் தூக்கினேன்.