அட்வான்ஸ் வாங்கும் முன் ஒரு கையெழுத்து

மதுரை வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று கேமரா தூக்குகிறவர்களில் பலர், "எடுத்தது நான், அதனால் படம் என்னுடையது" என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, எடுத்தவர்தான் படத்தின் ஆசிரியர். முதல் உரிமையாளர் யார் என்பதை 17ஆவது பிரிவு தனியாகச் சொல்கிறது. ஒருவர் கேட்டு, அவரிடம் காசு வாங்கிக்கொண்டு எடுத்த புகைப்படம் என்றால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாத வரை பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே. கல்யாண ஆர்டர் முழுக்க இதில்தான் அடங்கும். பில்லின் அடியில் 'உரிமை எங்களுக்கே' என்று அச்சடிப்பதும் மூலையில் வாட்டர்மார்க் போடுவதும் இதை மாற்றாது. பெண்ணின் அப்பா அந்த வரிக்கு எப்போது சம்மதித்தார்?

அந்த 'வேறு மாதிரி ஒப்பந்தம்' எழுத்தில் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் கட்டாயம் இல்லை. ஆனால் மண்டப வாசலில் வாயால் பேசியதை நாளைக்கு எப்படி நிரூபிப்பீர்கள்? அதனால் அட்வான்ஸ் கைமாறும் முன்பே ஒரு பக்கத் தாள் போதும்: "இந்த நிகழ்ச்சியில் எடுக்கும் எல்லாப் படங்களின் பதிப்புரிமையும் ஸ்டுடியோவுக்கே. குடும்பத்தார் தங்கள் சொந்த உபயோகத்துக்குக் காலவரையறையின்றி பிரிண்ட் போடலாம், பகிரலாம், வைத்துக்கொள்ளலாம். வியாபார உபயோகத்துக்கு ஸ்டுடியோவின் எழுத்து அனுமதி வேண்டும்." கீழே தேதி, நிகழ்ச்சி, தொகை, இரண்டு கையெழுத்து.

ஏன் எடுக்கும் முன்பே என்றால், எடுத்த பிறகு வாங்கினால் அது குடும்பத்திடமிருந்து உங்களுக்கு உரிமையை மாற்றி எழுதுவதாகிவிடும். அதற்கு 19ஆவது பிரிவு தனி நிபந்தனைகள் போடுகிறது: எழுத்தில் கையெழுத்தோடு, எந்தப் படம், எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்லியாக வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டால் 5 வருடம்தான்.

யாரிடம் கையெழுத்து என்பதில் நம் ஊரில் ஒரு சிக்கல் உண்டு. சடங்குக்கு கேமராக்காரரைப் பேசி அட்வான்ஸ் கொடுப்பது பல வீடுகளில் தாய்மாமன். பதிப்புரிமைக்கு அவர் கையெழுத்து வேண்டும். படத்தில் இருக்கும் பிள்ளையின் முகத்துக்கு அப்பா அம்மாவின் கையெழுத்து வேண்டும். இவை இரண்டும் வேறு வேறு. பதிப்புரிமை கையில் இருக்கிறது என்பதால் அடுத்தவர் முகத்தை விளம்பரம் ஆக்கிவிட முடியாது. ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1994லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது: ஒருவரின் பெயரையோ உருவத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது தனியுரிமை மீறல்.

அதனால் சம்மதத்தை மொத்தமாக ஒரே வரியில் வாங்காதீர்கள். கடையில் மாதிரி ஆல்பம், இன்ஸ்டாகிராம், போட்டிக்கு அனுப்புவது, ஸ்டுடியோ ஃபிளக்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம், பக்கத்தில் ஒரு கையெழுத்து. ஆல்பத்துக்குச் சரி சொல்லும் குடும்பம் ஃபிளக்ஸுக்கு வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர்கள் உரிமை. சடங்குப் படங்களைப் பொறுத்தவரை என் கருத்து இன்னும் கடுமையானது. பெற்றோரே சம்மதித்தாலும் அந்தப் பெண் குழந்தையின் முகத்தை ஸ்டுடியோவின் இணையப் பக்கத்தில் போடவே கூடாது. பத்து வருடம் கழித்தும் அந்தப் படம் அங்கேயே கிடக்கும். அன்றைக்கு அவளை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைகளுக்கு எடுக்கும்போது நஷ்டம் வேறு வழியில் வருகிறது. சுங்குடிச் சேலை கேட்டலாக்குக்கு என்று ரேட் பேசி எடுத்த படம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய ஃபிளக்ஸாகத் தொங்கும். கேட்டால், "காசு கொடுத்துட்டோம்ல" என்பார்கள். எழுதாத வரை அவர்கள் சொல்வதுதான் சட்டப்படியும் சரி. உரிமை உங்களுக்கே என்று முதலில் எழுதிவிட்டு, அச்சு கேட்டலாக் மட்டும், 1 வருடம், தமிழ்நாடு என்று குறித்துக் கொடுங்கள். ஃபிளக்ஸ், டிவி, ஆன்லைன் விற்பனைக்குத் தனி ரேட். மாடலின் சம்மதக் கடிதத்திலும் இதே காலமும் இதே உபயோகமும் இருக்கட்டும். அங்கே 6 மாதம், இங்கே 1 வருடம் என்றால் இடையில் மாட்டுவது நீங்கள்.

அலங்காநல்லூர், பாலமேடு ஜல்லிக்கட்டில் யாரும் சொல்லாமல் நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையதே. செய்தியாக வருவது வேறு. அதே படத்தை ஒரு கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டால், திமிலைப் பிடித்துத் தொங்கும் அந்த வீரரைத் தேடிப் போய் கையெழுத்து வாங்கியாக வேண்டும்.

நாள் சம்பளத்துக்கு இரண்டாவது கேமராவாக வரும் தம்பிகளோடும் தாள் போடுங்கள். அவர் எடுத்ததைத் தன் இணையப் பக்கத்தில் போடலாமா, எத்தனை நாள் கழித்து, ஸ்டுடியோ பெயரோடா என்று அதில் இருக்கட்டும். உரிமை யாரிடம் போனாலும், எடுத்தது நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை 57ஆவது பிரிவு எடுத்தவருக்கே வைத்திருக்கிறது. அவர் பெயரை மறைக்காதீர்கள்.

குடும்பத்தோடு போடும் தாளில் ரா ஃபைல் (கேமராவில் பதிவான, எடிட் செய்யாத மூலக் கோப்பு) கொடுப்பீர்களா, 60 நாளில் படம் தேர்ந்தெடுத்துத் தராவிட்டால் நீங்களே தேர்ந்தெடுப்பீர்களா, மெமரி கார்டு கெட்டால் திருப்பித் தரும் தொகையின் உச்சவரம்பு என்ன என்பதையும் எழுதிவிடுங்கள். ஆல்பம் தேங்கி, பாக்கிப் பணமும் தேங்குவது இந்த வரிகள் இல்லாததால்தான். "சொந்தக்காரங்க மாதிரி பழகிட்டு பேப்பர் நீட்டுறீங்களே" என்று யாராவது வருத்தப்பட்டால், உங்கள் பிள்ளையின் படத்துக்கும் இதே தாள்தான் பாதுகாப்பு என்று சொல்லுங்கள்.

படம் திருடு போனால் பதிவுச் சான்றிதழ் இல்லையே என்று பயப்பட வேண்டாம், பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை. ரா ஃபைலை அழிக்காமல் வையுங்கள். திருடியவர் போட்ட பக்கத்தைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். மின்னணுச் சாட்சிக்கு 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும், வக்கீலிடம் முதல் நாளே கேளுங்கள். திருடியவர் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் தொழில் செய்வது மதுரை என்றால் பதிப்புரிமைச் சட்டத்தின் 62ஆவது பிரிவுப்படி மதுரை மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போடலாம்.