'லாகொம்' வைக்கிங் கொம்பிலிருந்து வந்த சொல் அல்ல

"வைக்கிங்குகள் ஒரே கொம்பில் தேன்மதுவைச் சுற்றவிட்டு, கடைசி ஆள்வரை வர அளவாகக் குடித்தார்கள். 'லாகெத் ஓம்', அதாவது 'குழுவைச் சுற்றி', என்பதே 'லாகொம்' ஆனது. இதற்கு எந்த மொழியிலும் இணைச்சொல் இல்லை." 'அளவாக' என்ற பொருளுள்ள ஸ்வீடிஷ் சொல்லான 'லாகொம்' பற்றி வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

கதை அழகுதான். 'லாக்' என்றால் இன்றைய ஸ்வீடிஷில் சட்டம், குழு இரண்டும் உண்டு, குழப்பம் அங்கேதான். ஆனால் இந்தச் சொல் 'சட்டம், முறை' என்ற பொருளுள்ள 'லாக்'கின் பழைய நான்காம் வேற்றுமைப் பன்மை: 'முறைப்படி'. '-ஒம்' அந்த வேற்றுமையின் உருபு, 'சுற்றி' அல்ல. 'ஸ்துந்' (சிறுபொழுது) 'ஸ்துந்தொம்' (சிலபொழுது) ஆனதும் இப்படித்தான். ஸ்வீடிஷ் அகாதெமியின் பேரகராதியில் சரிபார்க்கலாம், இணையத்தில் இலவசம்.

இணைச்சொல்லா? குழம்பில் உப்பு லாகொம் என்றால் நாம் 'அளவாக இருக்கிறது' என்போம். வேலை முடிந்தது.

பயன்பாட்டில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்வீடிஷ் பெயரடைகள் பால், எண்ணுக்கேற்ப மாறும்: பெரிய என்பது 'ஸ்தூர்', 'ஸ்தூர்த்', 'ஸ்தூரா'. லாகொம் எங்கும் மாறாது. 'லாகொம் தில் யூல்' என்றால் 'அளவான கிறிஸ்துமஸ்' அல்ல, 'கிறிஸ்துமஸுக்குச் சரியான நேரத்தில்'. 'லாகொம் ரூலித்' என்று முகம் சுளித்துச் சொன்னால் 'அப்படியொன்றும் வேடிக்கையாக இல்லை' என்ற கிண்டல். பாராட்டென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் பகிராமல் விடுங்கள். அனுப்பியவரிடம் அகராதியைக் காட்டுங்கள்.