மே மாதத்தில் ஏலக்காய் ஸ்டோரில் புகை வந்தால்

கோடை விடுமுறைக்கு மலை பங்களாவுக்கு வருகிற பணக்காரக் குடும்பம், அங்கே அமுங்கிக் கிடக்கிற ரகசியம். இப்படி ஒரு நாவலைத் தமிழில் எழுத நினைப்பவர்கள் ஊட்டியையும் கொடைக்கானலையும் விட்டுவிடுங்கள். தேனி மாவட்டம் போடியிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவு ஏறி போடிமெட்டைத் தாண்டினால் கேரளா. பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போடிக்காரர்களின் ஏலத்தோட்டங்கள். வீடு கீழே, தோட்டம் மேலே, நடுவில் மாநில எல்லை.

ரகசியம் என்றதும் கள்ளக்காதலுக்கும் கொலைக்கும் ஓடாதீர்கள். இங்கே குடும்பத்தைப் பிளப்பது நிலம். 1970இல் தமிழ்நாட்டில் ஐந்து பேர் குடும்பத்துக்கான நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) 15ஆக இறங்கியது. கேரளச் சட்டத்திலோ ஏலத்தோட்டத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே மேலே தோட்டம் முதலாளி பெயரிலேயே இருக்கலாம். கீழே வயலுக்குத்தான் வேறு பெயர் தேட வேண்டும். சட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்ததுமே பங்களா சமையல்கார அம்மா பெயருக்கு ஐந்து ஏக்கர் நஞ்சையைக் கிரயம் எழுதிவிட்டார்கள் என்று வையுங்கள். அப்போது வாங்குகிறவர் பத்திர ஆபீசுக்கு வர வேண்டியதில்லை. அந்த அம்மாவுக்கே தெரியாது.

துப்பை ஏலக்காயிலேயே வையுங்கள். காய் எடுப்பு ஆடி வாக்கில் தொடங்கி தை, மாசியோடு முடியும். பச்சைக்காயைத் தேங்கவிடாமல் ஸ்டோருக்குக் கொண்டுவந்து, விறகு போட்டு ராப்பகலாக உலர்த்துவார்கள். ஐந்து கிலோ பச்சைக்கு ஒரு கிலோ தேறும். மே மாதம் ஸ்டோர் பூட்டிக் கிடக்கும். அப்படி ஒரு மே மாத ராத்திரியில் ஸ்டோர் புகைப்போக்கியில் புகை. ஜன்னலில் நின்று பார்க்கிற பேத்தி, ஏலக்காய் வாசம் வரவில்லையே என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போகிறாள். சென்னை வாசகரும் அதைக் கடந்துபோய்விடுவார். பூப்பாறை வாசகர் நிமிர்ந்து உட்காருவார். இருநூறு பக்கம் கழித்துக் காய் எடுக்கிற ஒரு அக்கா, "மே மாசத்துல ஸ்டோர்ல என்னத்தப் பாப்பா காயப்போடுவாக?" என்று கேட்டால் போதும்.

பேத்தி கதை சொல்கிறாள் என்றால் அவள் அறிந்ததை வாசகரிடம் ஒளிக்கவே கூடாது. இந்த வகை நாவல்கள் கடைசியில் சப்பென்று ஆவது அதனால்தான். பார்த்ததையெல்லாம் சொல்லட்டும், பொருள் புரியாமல் சொல்லட்டும். எழுதுமுன் ஒரு நோட்டில் வருடவாரியாக யார் வந்தார்கள், என்ன வயது, எந்த அறை, பந்தியில் எத்தனை இலை என்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு சித்தப்பா வரவில்லை என்பது முதலில் அடுப்படிக்குத்தான் தெரியும்.

அழகுக்காக மே மாதத்தில் குறிஞ்சியைப் பூக்க வைக்காதீர்கள். அது 12 வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை பூக்கும், 2006, 2018.

அந்தப் புகை, கிரயப் பத்திரத்தை எரித்த புகை. ஆனால் எரித்ததோடு கதையை முடிப்பதும் தப்பு. பதிவான பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் இருக்கும், வில்லங்கம் போட்டால் பெயர் வந்துவிடும். வயலைத் திரும்ப எழுதி வாங்கவோ அந்த அம்மாவின் ரேகை வேண்டும். புகைக்கு நாலு நாள் முன்பு அவரை ஜீப்பில் போடிக்குக் கூட்டிப்போய் வந்ததைப் போகிறபோக்கில் ஒரு வரியில் சொல்லுங்கள். போடி போய் வந்த மறுநாள் காலையில் பேத்தியின் தட்டில் தோசை வைக்கிற கையில், இடது பெருவிரலில் மட்டும் மை கழுவியும் போகாமல் ஒட்டியிருக்கட்டும்.