சராசரி வேறு, எதிரே இருப்பவர் வேறு

ஆய்வில் நிரூபணமான சிகிச்சையை மட்டுமே மனநல ஆலோசகர்கள் தர வேண்டும் என்கிறது உங்கள் கட்டுரை. பாதிதான் சரி. ஆய்வு சொல்வது ஒரு குழுவின் சராசரியை. எந்தச் சிகிச்சை, யார் தந்தால், எவருக்கு, எந்தச் சூழலில் பலன் தரும் என்று உளவியலாளர் கார்டன் பால் 1967லேயே கேட்டுவிட்டார்.

அதற்காக ஆய்வைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. ஓசிடியால் (வேண்டாத எண்ணம் விடாமல் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய்) கைகழுவிக்கொண்டே இருப்பவரை, பயப்படும் பொருளைத் தொடவைத்து, கழுவாமல் இருக்கப் பழக்கும் முறைக்கு வலுவான ஆதாரம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஆறுதல் மட்டும் சொல்வது அநியாயம். ஆனால் கதவுப் பிடியில் தொடங்குவதா, செருப்பிலா, எவ்வளவு வேகமாகப் போவது என்பதையெல்லாம் அவரோடு பேசித்தான் முடிவு செய்ய முடியும்.

அப்புறம், கட்டுரை தொடாத ஒன்று: இடையிடையே அளந்து பார்ப்பது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்கியூ-9 என்ற வினாத்தாளில் 9 கேள்விகள்தான், 0 முதல் 27 வரை மதிப்பெண்; கூடக்கூடச் சோர்வு கடுமை. 18இல் தொடங்கியவர் இரண்டு மாதம் கழித்தும் 17இலேயே நின்றால், ஆய்வு எவ்வளவு புகழ்ந்த முறையானாலும் இவருக்கு ஏன் பலிக்கவில்லை என்று அவரிடமே கேட்க வேண்டும். முன்னேற்றம் இல்லாததை ஆலோசகருக்கு உடனுக்குடன் தெரியப்படுத்தினால், பின்தங்கியவர்களில் பலர் தேறுவதை உளவியலாளர் மைக்கேல் லாம்பர்ட் குழுவின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள்.