கோட்டைக்குப் போகும் வழிக்கு நிழல் வேண்டும்

மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ் எடுத்து, விடியும்போது யாழ்ப்பாணத்தில் இறங்கினேன். தனியாகத்தான் வந்தேன். சிநேகிதி வீட்டுக்கு மத்தியானம் போனால் போதும். சரி, அதுவரை நடப்போம் என்று முதலில் பழைய பூங்காவுக்குப் போனேன்.

1829 முதல் 1867 வரை, ஏறத்தாழ நாற்பது வருடம் இங்கே அரசாங்க அதிபராக இருந்த பேர்சிவல் டைக் உண்டாக்கிய தோட்டம் அது. அந்த வெள்ளைக்காரத் துரையைக் கொண்டாட எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் அந்தப் பெரிய மரங்களுக்குக் கீழே நிற்கும்போது உடம்பு ஆறுவதை எப்படி மறைப்பது? பக்கத்தில் பழைய கச்சேரி, அதுதான் அரசாங்க அதிபரின் அலுவலகக் கட்டடம், போரில் சிதைந்து, சுவர்கள் மட்டும் மிஞ்சி நிற்கிறது. மரங்கள் தழைத்து நிற்கின்றன.

சருகு கூட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் நிமிர்ந்து பார்த்தார். "தனியவோ பிள்ளை வந்தனீங்கள்?"

"ஓம் அம்மா. கோட்டைக்கு நடந்து போகப் போறன்."

"நடந்தோ? உந்த வெயிலுக்கையோ? குடை இருக்கே?"

குடை இல்லை. அவர் கேட்டதன் அருமை பிரதான வீதியில் இறங்கிய பிறகுதான் விளங்கியது. பூங்காவில் இருந்து கோட்டைக்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர். பெரிய தூரம் இல்லை. பழைய வீடுகள், தேவாலயங்கள், பள்ளிக்கூடங்கள் என்று பார்த்துப் பார்த்து நடக்க வேண்டிய வீதி. நானோ மதில் ஓரத்தில் ஒரு முழ நிழல் கிடைக்குமா என்று தேடித் தேடி நடந்தேன்.

கோட்டைக்கு வந்து சேர்ந்தபோது கல் சூடேறத் தொடங்கியிருந்தது. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைப் பிடித்த போர்த்துக்கேயர் இங்கே கட்டியது சதுரக் கோட்டை. 1658இல் மாதக்கணக்காக முற்றுகையிட்டு அதைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், பிறகு ஐந்து மூலைக் கோட்டையாக மாற்றிக் கட்டினார்கள். மதில் முழுக்க முருகைக்கல். குனிந்து பார்த்தால் பவளப்பூச்சியின் வரிகள் இன்னும் தெரியும். கடலுக்குள் கிடந்த கல் அல்லவா. 1706இல் கட்டிய சிலுவை வடிவத் தேவாலயம் 1990இல் கோட்டைக்குள் இருந்த இராணுவத்தைப் புலிகள் முற்றுகையிட்ட சண்டையோடு போய்விட்டது. அது நின்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். இதே மதிலுக்கு உள்ளேயும் வெளியேயும் எத்தனை பிள்ளைகள் செத்தார்கள் என்ற நினைப்பு வந்ததும் படம் எடுக்கக் கை வரவில்லை. அப்புறம் மேலே ஏறிப் பண்ணைக் கடலைப் பார்த்தேன். தீவுகளுக்குப் போகும் வீதி நீருக்கு நடுவே நேராக ஓடுகிறது. காற்று நன்றாக இருந்தது. வெயில் பத்து நிமிடத்தில் இறக்கிவிட்டது.

கோட்டைக்கு உள்ளே மரம் நடச் சொல்லி நான் கேட்கவில்லை. வேர் மதிலைப் பிளந்துவிடும். நிலத்துக்குக் கீழே போர்த்துக்கேயருக்கு முந்திய காலத்துச் சீன மட்பாண்ட ஓடுகள்வரை கிடைத்திருக்கின்றன. அதையெல்லாம் கிளறக் கூடாது. நான் கேட்பது கோட்டைக்குப் போகும் வழிக்கு: பிரதான வீதி ஓரம், கோட்டைக்குப் பக்கத்துத் திறந்த மைதானமான முற்றவெளியின் விளிம்பு. கல்லைத் திருத்த இத்தனை அக்கறை எடுத்தோமே, அந்தக் கல்லைப் பார்க்க நடந்து வருகிற ஆளைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? பின்னேரம் வாகனத்தில் வந்து, சூரியன் விழுவதைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்தக் குறை தெரியாது. ஒரு நகரத்தை நடந்துதானே அறிய முடியும். பள்ளிக்கூடப் பிள்ளையும், மீன் வாங்கப் போகும் கிழவியும் நாள் தவறாமல் அதே வெயிலில்தான் நடக்கிறார்கள்.

பூவரசங் கதியால் நட்டே வேலி அடைத்த ஊர் இது. கடல் காற்றைத் தாங்கும் மரம், கொம்பை ஊன்றினாலே துளிர்க்கும். வேம்பைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

திரும்பும் வழியில் சுப்பிரமணியம் பூங்காவில் ஒரு வாங்கில் ஐயா ஒருவர் இருந்தார். என்னைக் கண்டதும் தள்ளி இருந்து, "இதில இருங்கோ பிள்ளை, அங்கால வெயில்" என்றார். இரண்டு பேருக்கு மட்டுமே போதுமான நிழல் அது.

ஐப்பசி மழைக்கு முன்னர் குழி வெட்டி வைத்தால், மாரி முழுதும் வானமே தண்ணீர் ஊற்றும். அதற்குப் பிறகு வரும் கோடையைத் தாண்டுவதுதான் பாடு. காலையில் கடை திறந்து வாசலுக்குத் தண்ணீர் தெளிக்கும் அண்ணைமார், அதே கையோடு ஒரு வாளியைக் கன்றுக்கும் ஊற்றுங்கோ.